வாற்பேத்தையும் வயிற்றுப் பிள்ளையும்

மன்னார்ப் பெருநிலத்திலே, கடலுக்கு அணித்தாக, நறுவிலிக்குளம் என்றோர் ஊர் உண்டு. நறுவிலி ஒரு மரம். அதன் பழத்துப் பசையைக் கொண்டு காகிதம் ஒட்டியவர் வாசகருள்ளும் சிலர் இருப்பர். மரமும் குளமும் ஒரு பெயருக்குள்ளே சேர்ந்து நிற்கும் ஊர் அது. ஐப்பசி மழை பிறந்து, குளங்களும் வயற்பள்ளங்களும் நிறைந்துவிட்டால், அந்தப் பக்கமெல்லாம் இராமுழுதும் தவளைகளின் கச்சேரிதான். சில நாட் கழித்துக் கரையோரத்து நீரை இரு கையாலும் அள்ளிப் பார்த்தால், கறுத்த தலையும் மெல்லிய வாலுமாக வாற்பேத்தைகள் நெளியும். அவற்றை மீன்குஞ்சென்று போத்தலிற் பிடித்து வந்து, பின்பு ஒருநாட் காலையிலே போத்தலுக்குள் தவளை இருக்கக் கண்டு திகைத்த பிள்ளைகள் எத்தனை பேர்!

இவ்வாரம் அந்த வாற்பேத்தையின் வாலைப் பற்றியே நாம் பேசப் போகிறோம். சிறிய பொருளென்று வாசகர் முகஞ் சுளிக்க வேண்டா. அந்த வாலிலே தொடங்கும் கதை, நம் வீட்டு அடுக்களையில் உள்ள உப்புச் சாடிவரை வருகின்றது.

வாற்பேத்தை செவுளால் மூச்சுவிடும். பாசியைச் சுரண்டித் தின்னும். வாலை அடித்து நீந்தும். சில வாரங்களில் அதற்குப் பின்கால் முளைக்கின்றது, முன்கால் வருகின்றது, பாசி தின்ற நீண்ட குடல் பூச்சி தின்னும் குறுங்குடலாகின்றது, வாய் அகல்கின்றது, செவுள் மறைகின்றது, வால் தானே கரைந்து போகின்றது. வெட்டுவாரும் இல்லை, கடிப்பாரும் இல்லை. வாலிலுள்ள கலங்கள் (உயிரணுக்கள் என்பாரும் உளர்) தாமே தம்மை மாய்த்துக்கொள்கின்றன. அதே வேளையிற் காலிலுள்ள கலங்களோ ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகுகின்றன. "நீ வளர், நீ அழி" என்று அவற்றுக்கு யார் சொன்னார்? எந்த வழியாற் சொன்னார்?

ஓருடம்பில் உள்ள கலங்கள் யாவும் ஒரு கருமுட்டையிற் பிறந்த உடன்பிறப்புகளே. மனிதனிடத்து அவை 30 இலட்சங் கோடிக்கு மேற்பட்டவை என்று மதிப்பிடுவர். இத்தனையும் ஒன்றையொன்று கேளாமல் வளர்ந்தால் விளைவது உடம்பன்று, வெறுந் தசைக்குவியல். ஆகவே பேச்சு இன்றியமையாதது. பக்கத்து வீட்டாருடன் பேசுவது எளிது. தூரத்தாருடன் பேசுவதே கடினம். இது கலங்களுக்கும் பொருந்தும்.

பக்கத்துப் பேச்சு உண்டென்பதை உலகறியச் செய்தவர் ஒரு பெண்மணி. 1924 ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், செருமானிய நாட்டுக் கில்டே மங்கோல்ட் என்பார், பல்லியுருவான ஒரு நீர்நில வாழ் விலங்கின் இளங்கருவிலிருந்து மிகச் சிறு துண்டொன்றை எடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுப் பக்கத்தில் ஒட்டினார். ஒட்டிய இடத்தில் இரண்டாவது உடலொன்று உருவாகியது. அவ்வுடலின் பெரும் பகுதி, ஒட்டிய துண்டிலிருந்து வந்ததன்று. வயிற்றுத் தோலாய் ஆகவேண்டிய அயற் கலங்களே, துண்டின் சொற்கேட்டு நரம்பாயும் பிறவாயும் மாறிவிட்டன! அவருடைய ஆசிரியர் கான்சு இசுபீமனுக்கு இதன் பயனாக 1935 இல் நொபெல் பரிசு கிடைத்தது. மாணவியோ, ஆராய்ச்சி வெளிவந்த அந்த ஆண்டிலேயே, இருபத்தைந்து வயதில், வீட்டில் நிகழ்ந்த தீவிபத்தில் இறந்துபோனார். பரிசைச் சொல்லும்போது இவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நீதி.

துண்டு சொன்ன சொல் எப்படிப் போயிற்று? 1952 இல் அலன் தூரிங்கு என்னும் ஆங்கிலக் கணித மேதை இதற்கொரு விடை எழுதினார். கணிப்பொறிக்கு மூலவர் என்று மாணவர் அறிந்த அதே தூரிங்கு தான். அவருடைய அன்னையார் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரிற் பிறந்தவர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி. சில இரசாயனப் பொருள்கள் கலங்களிடையே பரவிப் பரவி, ஓரிடத்துச் செறிந்தும் ஓரிடத்து ஐதாயும் நின்று, உருவத்துக்கு வித்திடலாம் என்று அவர் கணித்துக் காட்டினார். 1969 இல் உலூயிசு உவோல்பேட்டு அக்கருத்தை மற்றொரு வகையில் விளக்கினார். கோயில் மூலத்தானத்தில் இட்ட தூபம் அருகே நிற்பார்க்கு மணமாகவும், மண்டபத்தில் நிற்பார்க்கு மெல்லிய வாசமாகவும் வருகின்றதல்லவா? கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும், மணத்தின் அளவைக் கொண்டே தாம் நிற்குமிடத்தை ஒருவர் உணரலாம். அதுபோலக் கலமும் செய்திப் பொருளின் அளவைக்கொண்டு தானிருக்குமிடத்தை அறிந்து, அவ்விடத்துக்கேற்ற உருவை எடுக்கும் என்றார்.

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்பது நன்று. கணக்கென்றதும் பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சிறிய கணக்குத்தான். அசையாத நீரில் ஒரு பொருள் தானே பரவுவதானால், தூரம் இருமடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். சிறு மூலக்கூறொன்று ஒரு கலத்தின் அகலமாகிய மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கைக் கடக்க ஏறக்குறைய ஒரு செக்கனிற் பத்திலொரு பங்கு போதும். ஒரு மில்லிமீற்றருக்குக் கால் மணித்தியாலத்துக்குச் சற்றே மேல். ஒரு சதம மீற்றருக்கு ஒரு நாளுக்கும் அதிகம். அரை மீற்றருக்கோ? ஏறக்குறைய எட்டு ஆண்டு! அரை மீற்றர் என்பது ஒரு தாயின் கழுத்துக்கும் கருப்பைக்கும் இடையேயுள்ள தூரமளவு. பிள்ளை பத்து மாதத்திற் பிறந்துவிடும். செய்தி எட்டாண்டு கழித்து வந்து என்ன பயன்?

ஆதலின் பரவுதல் என்பது அண்டை அயலுக்கே உதவும். அதற்கப்பால் வேறு வழி வேண்டும்.

ஒரு வழியை 1999 இல் அமெரிக்காவிலே இரமீரெசு வெபர், கோண்பேர்க்கு என்னும் இருவர் கண்டனர். பழ ஈயின் புழுவுக்குள் சிறகு உருவாகும் இடத்திலே, கலங்கள் மிக மெல்லிய நூல்களை நீட்டிப் பல கலங்களுக்கு அப்பாலுள்ள கலத்தைச் சென்று தொடுகின்றன. சிலந்தி நூலும் இதற்கு வடமாகத் தோன்றும். இத்தனை காலமும் இதை ஏன் ஒருவரும் காணவில்லை? நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பதற்காக இழையத்தை மருந்திலிட்டுப் பதப்படுத்தியவுடனே அந்நூல்கள் அழிந்துவிடும். உயிருள்ள இழையத்தை, உயிரோடிருக்கவே, பார்த்தால்தான் தெரியும். அதற்கு உதவியது கடல் இழுதுமீன் ஒன்றிலிருந்து எடுத்த, பச்சையாய் ஒளிரும் புரதம். பின்பு 2014 இல் கோண்பேர்க்கின் குழுவினர், அந்த நூல்கள் தொட்டாலன்றிச் சில செய்திகள் சென்று சேர்வதில்லை என்பதையும் காட்டினர். தூபத்தைப் போலப் பரவும் செய்தி எவ்வளவு, கை நீட்டிக் கொடுக்கும் செய்தி எவ்வளவு என்று அறிஞரிடையே இன்றும் வழக்கு நடக்கின்றது. இரண்டும் இருக்கும் என்பதே நமக்குப் பொருத்தமாகப் படுகின்றது. ஒரே ஊரிற் பறையறைந்து சொல்வதும் உண்டு. காதோடு சொல்வதும் உண்டன்றோ?

எனினும் நூல் எவ்வளவு நீளும்? தலையிலிருந்து வாலுக்கும், தாயிலிருந்து பிள்ளைக்கும் அது எட்டாது. அங்கேதான் குருதி வருகின்றது. நெஞ்சு தள்ளிய குருதி ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் உடம்பைச் சுற்றி மீள்கின்றது. எட்டாண்டு வேலை ஒரு நிமிடத்தில் முடிகின்றது.

இனி வாற்பேத்தையிடம் மீள்வோம். 1912 இல் குடர்நாட்ச்சு என்பவர் வாற்பேத்தைகளுக்கு விலங்குகளின் உறுப்புகளை வகைவகையாக உணவாகக் கொடுத்துப் பார்த்தார். ஈரல் தின்றவை வளர்ந்தன. தசை தின்றவை வளர்ந்தன. குதிரை முதலியவற்றின் தைரொயிட்டுச் சுரப்பியைத் தின்றவை மட்டும் வளராமலே, உரிய காலத்துக்கு மிக முந்தி, ஈயளவேயான தவளைகளாய் மாறிவிட்டன! தைரொயிட்டு என்பது நம் கழுத்தின் முன்புறத்தே, குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி சிறகு விரித்தாற்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் சுரப்பி. சில ஆண்டு கழித்து பென்னற்று அலன் என்பார் மறுதலையைச் செய்தார். வாற்பேத்தையின் இளம் பருவத்திலேயே அச்சுரப்பியின் முளையை அகற்றினார். அவை தவளையாகவே இல்லை. வாற்பேத்தையாகவே பருத்துப் பருத்து, பெரும் வாற்பேத்தைகளாயின.

ஆகவே "நீ வளர், நீ அழி" என்னும் ஆணை கழுத்திலிருந்து குருதிவழி போகின்றது. அந்த ஆணையோலை எத்தகையது? எட்வேட்டு கெண்டல் என்னும் அமெரிக்கர் 1914 நத்தார்ப் பண்டிகையன்று அதைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். ஏறக்குறைய 3 தொன் பன்றித் தைரொயிட்டைக் கரைத்து வடித்து அவர் திரட்டியது 33 கிராம் மட்டுமே. அதற்குத் தைரொட்சின் என்று பெயர். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயடீன் அணுக்கள் உள்ளன. இந்நான்கில் ஒன்றைக் கழற்றினால் செய்தியின் வலிமை பன்மடங்காகின்றது. கழற்றும் வேலையைப் பெரும்பாலும் செய்தி பெறும் இழையமே செய்கின்றது. நான்கு என்னும் எண்ணை வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம், பின்பு வேண்டியிருக்கும்.

நம் மாணவர், "ஓமோன் என்றால் யாது?" என்ற வினாவுக்கு நான்கு வரியில் விடை எழுதி நான்கு புள்ளி பெற்றுவிடுகின்றனர். பாடஞ் சொல்லும் நாமும் அதனோடு நிறைவடைந்துவிடுகின்றோம். வியப்போ அந்நான்கு வரிக்குள் அடங்குவதன்று. ஓலை ஒன்றே, அதைப் படித்துக் கால் வளர்கின்றது, வால் சாகின்றது, குடல் தன்னை இடித்துக் கட்டுகின்றது! 1933 இல் ஓராய்வாளர் வாற்பேத்தையின் கண்ணொன்றை வாலிலே ஒட்டவைத்தார். வால் கரைந்து சுருங்கியது. கண்ணோ கரையாமல் உடலண்டை வந்து சேர்ந்தது. வாலின் நுனியை உடம்பில் ஒட்டினாலும், உரிய காலத்தில் அது கரைந்துபோகின்றது. எனவே செய்தியின் பொருள் ஓலையிற் பாதி; படிப்பவரிடத்துப் பாதி. கலத்தின் கருவுக்குள்ளே அச்செய்தியைப் பற்றிக்கொள்ளும் புரதம் இருக்கின்றது. அதன் அமைப்பை 1986 இல் அறிந்தார்கள்.

காலத்தின் ஒழுங்கையும் பாருங்கள். கால் வருமுன் வால் போய்விட்டால் வாற்பேத்தை நீந்தவும் மாட்டாது, தத்தவும் மாட்டாது; கொக்குக்கு இரையாகும். அதற்கும் ஏற்பாடு உண்டு. காலின் கலங்கள் சிறிதளவு செய்தி வந்தாலும் அதை வலியதாக்கிக்கொண்டு முதலிலே வளரத் தொடங்கும். வாலின் கலங்களோ வருகின்ற செய்தியை ஆரம்பத்திற் சிதைத்துவிடும். கேளாச் செவியாய் இருக்கும். பிற்பாடு குருதியிற் செய்தி பெருவெள்ளமாய் ஏறும்போதுதான் அதற்குப் பணியும்.

வறண்ட வலயத்துக் குளங்களை அறிந்தவர்க்கு இன்னொன்றும் சுவைக்கும். குளம் தவளைக்காகக் காத்திருப்பதில்லை. மழை ஏமாற்றினால் வற்றிவிடும். அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் வாழும் தேரை வகையொன்றை 1990 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆராய்ந்தவர்கள், நீர் குறையக் குறைய அதன் வாற்பேத்தை விரைந்து தேரையாவதைக் கண்டனர். நெருக்கடியை உணர்ந்த மூளை ஓர் ஓமோனை விடுக்க, அது கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி தைரொயிட்டைத் தூண்டுகின்றது. அப்படி அவசரத்திற் பிறந்த தேரை உருவிற் சிறிதாயினும் உயிர் தப்பிவிடுகின்றது.

தைரொட்சின் தவளைக்கு மட்டும் உரியதன்று. வாற்பேத்தைக்கு ஆணையிடும் அதே நான்கு அயடீன் மூலக்கூறே, மனிதப் பிள்ளையின் மூளைக்கும் ஆணையிடுகின்றது. வயிற்றுப் பிள்ளையின் மூளையில் நரம்புக் கலங்கள் பிறந்த இடத்தில் நிற்பதில்லை. நடந்து சென்று தத்தம் இருப்பிடத்தில் அமர வேண்டும். பின்பு ஒன்றோடொன்று இணைய வேண்டும். நார்களுக்கு உறை போர்க்க வேண்டும். இவற்றுக்குத் தைரொயிட்டின் செய்தி வேண்டும். ஆனாற் பிள்ளையின் சொந்தச் சுரப்பி மூன்றாம் மாதமளவிலேதான் தொழில் தொடங்கும். கருக்காலத்தின் நடுப்பகுதியிலேதான் போதிய அளவு சுரக்கும். அதுவரையும் யார் செய்தி அனுப்புவது? தாய்தான். அவள் கழுத்திலிருந்து புறப்பட்ட ஓலை, குருதியில் இறங்கி, சூல்வித்தகத்தைக் கடந்து, பிள்ளையின் மூளைக்குச் செல்கின்றது. இரண்டு உடம்புகளுக்கிடையே நடக்கும் பேச்சு இது.

தாயிடத்து அயடீன் இல்லையேல்? நான்கு அணு வேண்டிய ஓலையை எதைக் கொண்டு எழுதுவது? சுரப்பி கிடைத்த சிறிதையும் பற்றிக்கொள்ள முயன்று முயன்று பருக்கின்றது, அதுவே கழுத்துக்கழலை. கழலையைக் கண்ணாற் காணலாம். வயிற்றிலுள்ள பிள்ளைக்கு வந்த குறையை அப்போது எவரும் காணார். கடுங்குறையாயின் பிள்ளை செவிட்டூமையாய், அறிவு வளராததாய், நடை தளர்ந்ததாய்ப் பிறக்கும். இலேசான குறையாயினும் கல்வியில் மந்தம் காணலாம். அப்படிப்பட்ட பிள்ளையை "மக்கு" என்று வைது அடித்த தந்தையரும் வாத்திமாரும் உலகில் எத்தனை ஆயிரமோ!

காலந் தவறிய ஓலை பயன்படாது என்பதைக் காட்டிய இடம் பப்புவா நியூகினியின் மலைநாடு. அங்கே 1966 முதலாகப் பெண்களுக்கு அயடீன் கலந்த எண்ணெயை ஊசிவழி ஏற்றி ஆராய்ந்தனர். 1971 இல் பரோவா என்னும் மருத்துவரும் துணைவரும் முடிவை வெளியிட்டனர். கருத்தரிக்குமுன் ஊசி பெற்ற தாயரின் பிள்ளைகள் காக்கப்பட்டனர். கருத்தரித்தபின் பெற்றவர் சிலருக்கோ ஊறுபட்ட பிள்ளைகள் பிறந்தன. மருந்து ஒன்றே, வந்த நாள் வேறு.

இந்தியாவில், இமயத்தின் அடிவாரத்துக் காங்கிரா பள்ளத்தாக்கிலே, மருத்துவர் இராமலிங்கசுவாமியும் குழுவினரும் 1956 இல் மற்றொரு சோதனை தொடங்கினர். ஒரு பகுதியாருக்கு வெறும் உப்பு. ஏனைப் பகுதிகளுக்கு அயடீன் சேர்த்த உப்பு. சில ஆண்டுகளில் அயடீன் உப்பு உண்ட பகுதிகளிற் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962 இல் இந்திய அரசின் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது.

நம் தீவில் மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியே கழலைக்குப் பேர்போனது. பெருமழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிக் கடலிற் சேர்த்துவிடுகின்றது. 1986 இற் பதினேழு மாவட்டங்களிற் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 18.8 பேரிடத்துக் கழலை இருந்தது. களுத்துறையில் நூற்றுக்கு 30 பேரிடத்து. 1995 இல், மக்கள் உண்ணும் உப்பு அனைத்தும் அயடீன் சேர்த்ததாயிருத்தல் வேண்டும் என்று சட்டம் வந்தது. பின் வந்த ஆய்வுகளில் நிலைமை பெரிதுந் திருந்தியிருக்கக் கண்டனர்.

"மன்னாரார்க்கு இது எதற்கு? நாம் கடலோரத்தார், நம் உப்பே கடலுப்பு, கடலில் இல்லாத அயடீனா?" என்று கேட்பார் உண்டு. கேள்வி நியாயமானதே. விடையைக் கணக்கிற் பாருங்கள். ஒரு லீற்றர் கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 35 கிராம்; அயடீனோ ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் 60 பங்கு. அவ்வளவும் உப்போடு நின்றுவிட்டாலும், நாளொன்றுக்குப் பத்துக் கிராம் உப்புண்பவர்க்குக் கிடைப்பது அதே கணக்கிற் பதினேழு பங்குதான். வளர்ந்தவர்க்கு வேண்டுவது 150; கருவுற்ற தாய்க்கு 250. அந்தப் பதினேழுங்கூட நிற்பதில்லை. உப்பு விளைந்தபின் பாத்தியில் எஞ்சும் கசப்பு நீரோடு பெரும்பகுதி போய்விடும். வெள்ளை வெளேரென்று உப்பளத்திற் குவிந்திருக்கும் உப்பில் அயடீன் அற்பமே. மீனில் உண்டு, இறாலில் உண்டு, கடற்பாசியில் மிகவும் உண்டு. நாள்தோறும் மீன் வாங்கும் வீட்டார்க்கு அச்சம் குறைவு. மரக்கறி உண்போரும், காற்றடித்து வள்ளம் இறங்காத காலத்திற் பருப்போடு சோறுண்ணும் ஏழைகளும் மீனை நம்பியிருக்க முடியாது. களப்போரத்தில் தானே விளைந்த உப்பை இலவசமாக அள்ளி வருபவர்க்கு, அயடீன் சேர்த்த உப்பின் விலை மிச்சமாகலாம்; அந்தச் சிக்கனம் கருவுற்ற பெண் உள்ள வீட்டுக்கு ஆகாது.

உப்பிற் சேர்ப்பது பொற்றாசியம் அயடேற்று என்னும் பொருள். கல்லுப்பாயின் அது உப்பின் மேற்புறத்தே படிந்திருக்கும். அழுக்கென்று கருதி உப்பைக் கழுவினால் முதலிற் போவது அதுவே. ஈரம் பட்டாலும் நெடுநாள் திறந்து கிடந்தாலும் குறையும். மூடிய சாடியில் வைத்து, கறி இறக்கும் தறுவாயில் இடுவது நன்று.

தாயிடம் குறையில்லாதிருந்தும், சில பிள்ளைகளுக்குத் தைரொயிட்டே அமையாமற் போவதுண்டு. சில ஆயிரம் பிறப்புக்கு ஒன்று அப்படி. தாயின் செய்தி இருந்தவரை பிள்ளைக்குக் கேடு பெரிதாகத் தெரியாது. தொப்புள்கொடி அறுத்த அன்றே அச்செய்தி நின்றுவிடுகின்றது. பிறந்த குழந்தை முகத்தைப் பார்த்து இதனை அறிவது அரிது. ஆகையினால் இப்போது நம் அரசாங்க மருத்துவமனைகளிலே, பிறந்த சில நாளுக்குள் குழந்தையின் குதிகாலிற் சிறு ஊசியாற் குத்தி, வந்த குருதித் துளியைக் காகிதத்தில் ஒற்றி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகின்றனர். "பச்சைப் பிள்ளையைக் குத்துகிறார்களே" என்று பாட்டிமார் மனம் வருந்துவது இயல்பே. குறை தெரிந்தால் இரண்டு வாரத்துக்குள் தைரொட்சின் கொடுக்கத் தொடங்குவர். அவ்வாறு தொடங்கிய பிள்ளைகள் பெரும்பாலும் ஏனையோரைப் போலவே வளர்ந்து பள்ளி செல்கின்றனர். மாத்திரை மிகச் சிறியது. அதைப் பொடித்து, ஒரு சிறு கரண்டி தாய்ப்பாலிற் கரைத்து, விடியற்காலையில் ஊட்டுவார்கள்.